நாலடி தூரத்தில் வெள்ளை டப்பா

ஊசிக்கென்று ஒரு வெள்ளை டப்பா உண்டு.
ஆறாம் நம்பர் கட்டிலிலிருந்து நாலடி.
அன்றைக்கு அந்த நாலடியை நான் நடக்கவில்லை.

விடிகாலை மூன்று இருபது.
பெருந்துறை ரோட்டில் லாரி மோதி
வாசலில் மூன்று ஸ்ட்ரெச்சர்.
இருபத்தெட்டுக் கட்டிலுக்கு இரண்டு நர்ஸ்.
சிரிஞ்சைப் பஞ்சோடு சுருட்டி
கைக்கு எட்டிய மஞ்சள் பையில் போட்டுவிட்டு ஓடினேன்.
போட்டது ஞாபகமில்லை என்று சொல்லத்தான் ஆசை.
ஞாபகம் இருக்கிறது.

ஐந்தரைக்கு மயிலாத்தாள் வந்தாள்.
அழுத்திப் பிடித்தால்தான் பையின் வாயில் முடிச்சு விழும்.
"ஏனுங் சிஸ்டர், என்னமோ சுருக்குன்னுச்சுங்"
என்று விரலைக் குழாயில் காட்டினாள்.
கடுகத்தனை ரத்தம்.
பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.
பதிவேட்டில் எழுதட்டுமா என்றதற்கு
"எழுதிப்போட்டா காண்ட்ராக்டர்
நாளைக்கே வேற ஆளப் புடிச்சுக்குவாருங். உடுங்."

அவள் போனபின் எழுதினேன்.
நேரம். வலக்கை ஆள்காட்டி விரல். பையின் நிறம்.
போட்டது யார் என்று எழுதவில்லை.

வேலைக்குச் சேர்ந்த வருஷமே
என் தோளில் மூன்று தடுப்பூசி, நிர்வாகச் செலவில்.
அவளுக்கு ஒன்றுகூட இல்லை.
எட்டு வருஷமாக இங்கேதான் கூட்டுகிறாள்,
ஆனால் ஆஸ்பத்திரி ஆள் இல்லையாம்.

அது ஐப்பசி.
மாசியில் மண்டிக்குப் புது மஞ்சள் வந்து இறங்க
ஈரோடே தும்மிக்கொண்டிருந்தபோது
மயிலாத்தாளின் கண் மஞ்சளித்தது.
"மண்டித் தூசிங், கழுவுனாப் போயிருமுங்."
கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள்.
மாடிப்படி ஏறுகையில் உட்கார்ந்துவிட்டாள்.
வைகாசியில் வேலை போனது.
கிருமி போகவில்லை.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.
"கையுறை போடாம வேலை செஞ்சான்னு எழுதிக்குடும்மா.
இல்லேன்னா ஊசியப் போட்டது யாருன்னு
நாங்க தேட வேண்டி வரும்."
கையுறைப் பெட்டி பத்து நாளாகக் காலி.
வேண்டுமென்று கேட்ட சீட்டு என் கையெழுத்தில்,
அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது.

இழப்பீட்டு விசாரணைக்குப் போகும் பஸ்ஸில்
ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.
கூண்டு கூட இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
நான்தான் போட்டேன், சார்.

அலுவலர் கோப்பிலிருந்து தலை தூக்கவில்லை.
"அத நான் கேக்கலையே.
குத்தினப்போ வேலையில இருந்தாங்களா?"
இருந்தாள்.
"செஞ்ச வேலையாலதான் குத்துச்சா?"
ஆமாம்.
"போதும், நீங்க போலாம்."

யார் தப்பு என்பது அங்கே கணக்கிலேயே இல்லை.
வயது நாற்பத்து நாலு, மாதக் கூலி,
உழைக்கும் தெம்பில் குறைந்தது எத்தனை சதம்.
அவர்கள் பதினைந்து என்கிறார்கள்.
எங்கள் வக்கீல் அறுபது என்கிறார்.
ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாத பெண்
வெளியே பெஞ்சில் உட்கார்ந்து
இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தாள்.
வாங்கிக்கொள்ள ஆளில்லாத என் வாக்கியத்தை
எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"தெரியுமுங்" என்றாள்.
"பை கட்டறவளுக்குத் தெரியாதுங்களா?
பஞ்சுல சுத்திப் போடறது நீங்க ஒருத்தருதான்.
குத்தாம இருக்கட்டும்னுதான சுத்தறீங்க."

டீ வாங்கிக்கொடுத்தேன். பாதியில் வைத்துவிட்டாள்.
எண்ணெய் இல்லாத சோறு, சர்க்கரை இல்லாத டீ,
வாய்தா மட்டும் தவறாமல்.
அடுத்தது ஆவணி கழித்து.

இன்றைக்கும் நைட்டுதான்.
நாலடி நடந்தேன்.
டப்பா நிரம்பி, மூடி மூடாமல்
ஊசிகள் தலை நீட்டிக்கொண்டிருக்கின்றன.
புது டப்பா கேட்டுச் சீட்டு எழுதுகிறேன்,
தேதி போட்டு,
இந்த முறை கார்பன் வைத்து.